இரத்தம் வராத காயம்: தலையில் அடிபட்ட பின் ஓய்வெடுப்பது பற்றி



இந்த மாதம் நான் கதைக்க எடுத்திருக்கும் விடயம், தலையில் அடிபட்ட பின்னர் எப்படி ஓய்வெடுப்பது என்பது. "இதிலே கதைக்க என்ன இருக்குது, அடிபட்டால் பேசாமல் படுத்திருக்க வேண்டியதுதானே" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எங்கள் வீடுகளில் அந்தப் பேசாமல் படுத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான காரியம். அதோடு, எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கிரிக்கெட்டில் இருந்து தொடங்குகிறேன். அது எங்கள் சனத்துக்கு உடனே விளங்கும்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி, சனிக்கிழமை. எங்கள் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் டெஸ்ட் போட்டி. இங்கிலாந்தின் ஜொஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய பந்து, அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே பட்டது. மனிதர் அப்படியே நிலத்தில் விழுந்தார். அப்போது அவர் 80 ஓட்டங்கள் எடுத்திருந்தார். உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். சோதனைகளில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப வந்து துடுப்பெடுத்தாடி 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆள் தப்பிவிட்டார் என்றுதான் நினைத்தார்கள்.

அடுத்த நாள் காலை அவர் எழும்பியபோது தலையிடி. தலை பாரமாக, மந்தமாக இருந்தது. திரும்பச் சோதித்துவிட்டு, இனி விளையாட வேண்டாம் என்று வைத்தியர் நிறுத்திவிட்டார். மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கலாம் என்ற விதி அந்த மாதம் 1ஆம் திகதிதான் சர்வதேசக் கிரிக்கெட்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் வந்தார். டெஸ்ட் வரலாற்றில் இப்படி வந்த முதல் ஆள் அவர்தான். ஸ்மித் அடுத்த ஹெடிங்லி போட்டியிலும் விளையாடவில்லை. ஒரு விக்கெட்டால் அவுஸ்திரேலியா தோற்றுப்போன போட்டி அது. பிறகு செப்டெம்பர் 4ஆம் திகதி மான்செஸ்டரில் இறங்கி 211 ஓட்டங்கள் அடித்தார்.

இந்தக் கதையில் இருந்து இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட உடனே நன்றாக இருக்கிற ஆளுக்கு அடுத்த நாள் வருத்தம் தெரியலாம். இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு மணித்தியாலங்கள் கழித்தும் அறிகுறிகள் வருவது உண்டு. மற்றது, நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பது பிழை. மூளை அதிர்ச்சி வருபவர்களில் நினைவு தப்புபவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இங்கே ஆங்கிலத்தில் கொன்கஷன் என்று சொல்வதைத்தான் தமிழில் மூளை அதிர்ச்சி என்கிறோம். மனதில் ஏற்படும் அதிர்ச்சி அல்ல, மூளை குலுங்குவது. ஒரு முற்றிய தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சிரட்டையில் ஒரு கீறலும் இல்லை, உள்ளே தண்ணீர் அலைகிறது. மண்டையோட்டுக்குள் மூளையும் தண்ணீர் போன்ற ஒரு திரவத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. தலை வேகமாக ஆடி நின்றால் மூளை உள்ளே இழுபடும், முறுகும். தலையில் நேரே அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. காரில் போகும்போது பின்னால் ஒருவர் இடித்து, கழுத்து முன்னும் பின்னும் ஆடினாலும் போதும்.

அப்படி இழுபடும்போது நரம்புக் கலங்களின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே நிற்க வேண்டிய கல்சியம் உள்ளே வருகிறது. இதைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவர அந்தக் கலங்கள் இரவு பகலாக வேலை செய்ய வேண்டும். அதற்குக் குளுக்கோசு கூடத் தேவை. ஆனால் அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. செலவு கூடின மாதத்தில் சம்பளம் குறைந்து வந்தால் வீடு எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான் மூளைக்கும். அதனால்தான் ஐந்து நிமிடம் கணக்குப் பார்த்தாலே களைக்கிறது, வெளிச்சம் குத்துகிறது, சின்னச் சத்தமும் பொறுக்க முடியாமல் இருக்கிறது. இது ஸ்கேனில் தெரியாது. சி.ரி. ஸ்கேன் எடுப்பது இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. "ஸ்கேன் கிளியர்" என்று வைத்தியர் சொன்னால், சத்திரசிகிச்சை தேவைப்படும் ஆபத்து தெரியவில்லை என்று அர்த்தம். நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று அர்த்தம் அல்ல.

எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கடினம். போருக்குள் இருந்து வந்தவர்கள் நாங்கள். காயம் என்றால் எங்களுக்கு இரத்தம். ஷெல் விழுந்த இடத்தில் கை கால் போனவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு, "தலை ஒரு மாதிரியாக இருக்குது" என்று ஒருவர் சொன்னால் அது காயமாகவே தெரியாது. "இரத்தம் வரேல்லைத்தானே, ஒண்டுமில்லை, எழும்பு" என்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். அன்றைக்கு அப்படிச் சொல்லித்தான் உயிர் தப்ப முடிந்தது. அதிலே குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருந்துகொண்டு அதே அளவுகோலை வைத்திருக்கத் தேவையில்லை.

இனி எனது அனுபவத்தைச் சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் லண்டனில் கடும் பனி கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கிழமையில் ஒரு காலை, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து நடைபாதையில் கால் வழுக்கி, பின்தலை கல்லில் அடிபட விழுந்தேன். நினைவு தப்பவில்லை. இரத்தமும் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பெண் எனது பெயரைக் கேட்டபோது, தெரிந்த பெயரைச் சொல்ல இரண்டு மூன்று செக்கன் பிடித்தது. வீட்டுக்குப் போனதும் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். மனைவி வேறு கதை கேட்காமல் ஏ அன்ட் ஈக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு இல்லை. அங்கே இருந்த தாதி ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்து, இரண்டு நாள் வீட்டில் அமைதியாக இருக்கும்படியும், முழுதாகச் சுகமாகும் வரைக்கும் வாகனம் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார்.

அப்போது நான் மினிகப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டக்கூடாது என்றால் வருமானம் இல்லை என்று அர்த்தம். சொந்தத் தொழில் செய்பவனுக்குச் சுகவீனச் சம்பளம் தர முதலாளி கிடையாது. "ரெண்டு பனடோல் போட்டிட்டு பின்னேரம் கொஞ்ச நேரம் ஓடு" என்று ஆலோசனை சொன்ன நண்பர்களும் இருந்தார்கள். ஆனால் வீட்டுப் படியில் இறங்கும்போதே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்த ஆள், இரவில் எதிர்வெளிச்சத்தில் எப்படி ஓட்டுவது? பின்னால் இருப்பது மற்றவர்களுடைய பிள்ளைகள். நான் ஐந்து கிழமை ஓட்டவில்லை. அந்த ஐந்து கிழமையும் மனைவியின் சம்பளத்திலும் சீட்டுக் காசிலும்தான் வீடு ஓடியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஓய்வு என்பது சும்மா கிடைப்பதல்ல, அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் குடும்பம்தான் கட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஒருவரிடம் வேலை செய்பவர்களாக இருந்தால், முதல் ஏழு நாட்களுக்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நீங்களே சுகவீனம் என்று அறிவிக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃபிற் நோட் எடுக்க வேண்டும். அதிலே, முழு வேலை வேண்டாம், குறைந்த நேரம் அல்லது பாரமில்லாத வேலை செய்யலாம் என்றும் எழுதிக் கேட்கலாம். கடையில் நிற்பவர்கள் பலருக்கு இந்தப் பாதி வேலைக் கடிதம் பற்றித் தெரியாது.

சரி, இந்த இரண்டு நாள் ஓய்வு என்றால் என்ன?

என் வீட்டில் முதல் நாள் பின்னேரமே செய்தி பரவிவிட்டது. வருத்தம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்பிள், தோடம்பழம், நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ். மேசையில் இடமில்லை. எல்லாரும் அன்போடு வந்தவர்கள்தான். ஆனால் அறைக்குள் வந்து பெரிய லைற்றைப் போட்டு, "கண்ணைத் திறந்து பாருங்கோ, ஆர் வந்திருக்கினம் எண்டு" என்று கேட்பார்கள். பிறகு விழுந்த கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொல்லி முடிய மற்றவர் வருவார், திரும்பத் தொடக்கத்தில் இருந்து. அதற்குள் கனடாவில் இருந்து சித்தி வீடியோ அழைப்பு. பாரிஸில் இருந்து மச்சான். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி, லைன் கிடைத்த நேரத்தில், கத்திக் கத்தி. கீழே தொலைக்காட்சியில் நாடகம். அன்றிரவு எனது தலையிடி பத்துக்கு ஒன்பது.

அடுத்த நாள் எனது மகள், அப்போது அவளுக்குப் பதினாறு வயது, கதவில் ஒரு தாளை ஒட்டினாள். "அப்பா நித்திரை. பழங்களைக் குசினியில் வைக்கவும். கதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு." ஒருவரும் கோபிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்தால், ஆள் பிடித்து வாசலில் நிறுத்துங்கள். தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையை ஒருவரிடம் கொடுங்கள். விழுந்த கதையை அவர் சொல்லட்டும்.

அந்த முதல் இரண்டு நாளில், நித்திரை வந்தால் நித்திரை கொள்ளலாம். "தலையிலே அடிபட்டவனை நித்திரை கொள்ள விடாதேங்கோ" என்று ஊரில் பெரியவர்கள் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு விடிய விடியக் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. தலைக்குள் இரத்தம் கசிந்தால் ஆள் கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு மயங்கிப்போகக் கூடும். 2009இல் ஆங்கில நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிலும்போது விழுந்து, முதலில் பகிடி விட்டுக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு நாளில் இறந்துபோனது அப்படித்தான். ஆனால் அதற்கு மருந்து நித்திரையைத் தடுப்பது அல்ல. முதல் இருபத்துநான்கு மணித்தியாலமும் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும், ஆபத்து அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அறிகுறிகளைச் சொல்கிறேன், தயவுசெய்து பேனையை எடுங்கள். நினைவு தப்பி எழும்பாமல் இருத்தல், வலிப்பு, கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாத அளவு மயக்கம், கை கால் பலவீனம் அல்லது விறைப்பு, பேச்சுக் குழறுதல், பார்வையில் மாற்றம், காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல். இவற்றில் ஒன்று என்றாலும் 999. அடிபட்ட நேரம் நினைவு தப்பி இப்போது தெளிந்திருந்தால், சத்தி எடுத்தால், குளிசை போட்டும் தலையிடி விடாவிட்டால், நடந்தது நினைவில்லை என்றால், ஆளின் குணம் மாறினால், ஏ அன்ட் ஈக்குப் போங்கள். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்கள், வார்ஃபரின் போன்றவை, ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். எங்கள் அம்மம்மா, தாத்தாமாரில் பலர் இருதய வருத்தத்துக்கு இந்த மருந்துகள் எடுக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று சொல்லாமலே இருந்துவிடுவார்கள். அவர்களிடம் நீங்களாகக் கேளுங்கள்.

நோவுக்குப் பனடோல் எடுக்கலாம். அஸ்பிரின், நியூரோபன் போன்றவை வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். குடிவகை அறவே வேண்டாம். கோடாலித் தைலம் பூசலாமா என்று கேட்பீர்கள். பூசினால் கேடு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த மணமே எனக்குச் சத்தியை வரவழைத்தது.

கைத்தொலைபேசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படுத்திருப்பது என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் போனும் கையுமாகப் படுத்திருப்பதுதான். அமெரிக்காவில் 12 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட 125 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2021இல் வெளிவந்தது. முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலம் திரை பார்க்க வேண்டாம் என்று ஒரு பகுதிக்குச் சொன்னார்கள், மற்றப் பகுதிக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பார்க்காதவர்களுக்கு நடுத்தரமாக மூன்றரை நாளில் சுகம், பார்த்தவர்களுக்கு எட்டு நாள். இரண்டே இரண்டு நாள் போனை வாங்கி வைப்பதற்குக் கிடைக்கும் பலன் இது.

ஆனால் இரண்டு நாளுக்குப் பிறகும் பிள்ளையை இருட்டறையில் வைத்திருக்காதீர்கள். முன்னர் வைத்தியர்களே அப்படிச் சொன்ன காலம் உண்டு: யன்னலை மூடு, புத்தகம் தொடாதே, தலையிடி முழுதாகப் போகும்வரை எழும்பாதே. அந்தக் கருத்து மாறிவிட்டது. 2015இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வில் இருந்த இளைஞர்கள், ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் படிப்படியாக எழும்பியவர்களைவிடக் கூடுதலான அறிகுறிகளைச் சொன்னார்கள். 2019இல் வந்த இன்னொன்றில், மெல்லிய உடற்பயிற்சி செய்த பதின்ம வயதினருக்கு 13 நாளில் சுகம் வந்தது, வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாள். ஆகவே மூன்றாம் நாள் மெல்ல எழும்ப வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு சுலபமான அளவு சொல்கிறார்கள். தலையிடிக்குப் பூச்சியம் முதல் பத்து வரை ஒரு இலக்கம் கொடுங்கள். ஒரு வேலையைச் செய்யும்போது அந்த இலக்கம் இரண்டுக்கு மேல் கூடினால் அல்லது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால், அந்த வேலை கூடிப்போய்விட்டது. அடுத்த நாள் குறைத்துச் செய்யுங்கள். கொஞ்சம் கூடி உடனே தணிந்தால் பயமில்லை.

எனக்கு முதல் நடை, வீட்டில் இருந்து தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும். நான்காம் கிழமையிலும் சூப்பர்மார்க்கெட்டின் ரியூப் லைற்றுக்குக் கீழே இருபது நிமிடம் நின்றால் தலை சுற்றும். இரண்டு மாதம் கழித்து ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய், மண்டபத்தில் பாட்டுப் போடத் தொடங்கியதும் சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு கிழமையிலும், பிள்ளைகளுக்கு நான்கு கிழமைக்குள்ளும் சுகமாகிவிடும். எனக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது. நான்கு கிழமை தாண்டியும் விடாவிட்டால் ஜீ.பி.யிடம் போக வேண்டும். 1979இல் தொடங்கிய ஹெட்வே என்ற அமைப்பும் மூளைக் காயம் உள்ளவர்களுக்கும் குடும்பங்களுக்கும் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறது.

இன்னொன்றையும் வீட்டுக்காரர் தெரிந்திருக்க வேண்டும். குணம் மாறும். நான் கோபக்காரன் அல்ல, ஆனால் அந்த நாட்களில் கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்குக் கத்தியிருக்கிறேன். காரணம் இல்லாமல் அழுகையும் வரும். அது வருத்தத்தின் ஒரு பகுதி.

இனிப் பிள்ளைகளின் விடயம். பிரித்தானியாவில் 2023 ஏப்ரலில் அரசாங்கம், பாடசாலை மற்றும் உள்ளூர் விளையாட்டுகளுக்கான ஒரு பொது வழிகாட்டலை வெளியிட்டது. அதன் சாரம்: சந்தேகம் என்றால் ஆளை வெளியே எடு. மைதானத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று ஐயம் வந்தால் அன்று திரும்ப விளையாட விடக்கூடாது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் 111க்கு அடித்துக் கேட்க வேண்டும். பாடசாலைக்குப் போவது முதலில், விளையாட்டு பிறகு. உடல் மோதும் பயிற்சிக்கு முன்னர் ஓய்வில் பதினான்கு நாள் அறிகுறி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். போட்டிக்குத் திரும்புவது எவ்வளவு சீக்கிரம் என்றாலும் 21 நாளுக்கு முன்னர் இல்லை. ஸ்மித் 18 நாளில் இறங்கினாரே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவரைத் தினமும் பார்க்க அணியோடு வைத்தியர் இருந்தார் என்று சொல்லுங்கள்.

இந்த 21 நாள் ஏன் என்றால், முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை திடீரென வீங்கக்கூடும். அரிதுதான், ஆனால் உயிரைக் கொண்டுபோகும். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பாடசாலை ரக்பி போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிபட்டும் தொடர்ந்து விளையாடி இறந்துபோனான். இரண்டாம் அடியின் தாக்கமே காரணம் என்று 2013இல் மரண விசாரணையில் சொல்லப்பட்டது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் ஓயாமல் குரல் கொடுத்ததற்கும் இன்றைய வழிகாட்டல்களில் பங்குண்டு. எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் வைக்கிற கிரிக்கெட், உதைபந்து, கரப்பந்துப் போட்டிகளில் ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்து, அவர் சொன்னால் அணித் தலைவரும் கேட்க வேண்டும் என்று வைத்தால் நல்லது. இறுதிப் போட்டியில் ஆள் குறைகிறது என்பது காரணம் ஆகாது.

வழிகாட்டலில் எழுதாத சில விடயங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, பின்னேரம் ரியூஷன், ஞாயிறு மிருதங்கம் அல்லது பரதநாட்டியம். பாடசாலையில் இருந்து அரைநாள் லீவு எடுத்த பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்பினால் அது ஓய்வு அல்ல. தட்டுக்கழிச் சத்தமும் சுழன்று ஆடுவதும் அடிபட்ட தலைக்குக் கூடாது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிந்து காசும் கட்டியாயிற்று என்றால் பெற்றோரின் மனம் பதறும், எனக்கு விளங்குகிறது. குருவிடம் போய்க் கதையுங்கள். ஜீ.சி.எஸ்.இ., ஏ லெவல் நேரம் என்றால் பாடசாலையின் பரீட்சைப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். இடைவேளை, மேலதிக நேரம், விசேட கவனத்துக்கான விண்ணப்பம் என்று வழிகள் இருக்கின்றன. பரீட்சை முடிந்த பிறகு சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு.

மற்றது மொழி. எங்கள் வீடுகளில் வைத்தியரிடம் போனால் பிள்ளைதான் மொழிபெயர்க்கும். அடிபட்டது அந்தப் பிள்ளைக்கே என்றால்? தலை சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளை, வைத்தியர் கேட்பதையும் அம்மா சொல்வதையும் மாறி மாறிச் சொல்ல முடியாது. அடுத்த போட்டியை விடக்கூடாது என்று சிலதை மறைக்கவும் கூடும். 111க்கு அடித்து "ரமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுப்பார்கள். வைத்தியசாலையிலும் ஜீ.பி.யிடமும் கேட்கலாம். காசு இல்லை.

கடைசியாகப் பெரியவர்களுக்கு. மூளை அதிர்ச்சி என்று போனால் வைத்தியர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, முன்னர் தலையில் அடிபட்டிருக்கிறதா என்பது. என்னிடமும் கேட்டார்கள். எங்களில் பலர் இல்லை என்றுதான் சொல்வோம். ஷெல் விழுந்து சுவரோடு தூக்கி எறியப்பட்டது, குண்டுச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு நாள் காது கேளாமல் கிடந்தது, சோதனைச் சாவடியில் துவக்குப் பிடியால் தலையில் வாங்கியது, விசாரணையில் பட்டது, இவையெல்லாம் எங்கள் கணக்கில் அடிபட்டது ஆகாது. அது நாட்டுப் பிரச்சினை. ஆனால் வைத்தியருக்கு அது தேவையான தகவல். முன்னர் அடிபட்ட தலை ஆறுவதற்குக் கூட நாள் எடுக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விடயம். நித்திரை இல்லாமை, சத்தத்துக்குத் திடுக்கிடுதல், மறதி, எரிச்சல் இவையெல்லாம் மூளை அதிர்ச்சிக்கும் உண்டு, போரின் நினைவுகள் தரும் மனவருத்தத்துக்கும் உண்டு. இருட்டறையில் தனியே படுத்திருக்கும்போது பங்கருக்குள் இருந்த நாட்கள் திரும்ப வருகின்றன என்று என்னிடம் ஒரு பெரியவர் சொன்னார். அப்படியானவருக்கு, அந்த இரண்டு நாளும்கூட, யன்னல் திரையைக் கொஞ்சம் திறந்து, சத்தமில்லாமல் பக்கத்தில் ஒருவர் கதிரை போட்டு இருக்கலாம். கதை கேட்க வேண்டாம். இருந்தால் போதும். அந்த நினைவுகள் விடாமல் வந்தால் அதையும் ஜீ.பி.யிடம் தனியாகச் சொல்லுங்கள். சித்திரவதைக்கு உள்ளானவர்கள் என்றால், 1985 முதல் இயங்கிவரும் ஃப்ரீடம் ஃப்ரொம் ரோச்சர் என்ற அமைப்பு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் அங்கே போயிருக்கிறார்கள்.

வைத்தியரிடம் போவதற்கு முன், எந்த ஆண்டு, எந்த இடம், என்ன நடந்தது, நினைவு தப்பியதா என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். எனது தாளில் மூன்று வரிகள் வந்தன. மொழிபெயர்ப்பாளர் வாசிக்க, வைத்தியர் மூன்றையும் கணினியில் பதிந்தார்.